மலேரியாவும் வீட்டு நிலையும்

பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணியால் வரும் காய்ச்சல் மலேரியா. பெண் அனோபிலிஸ் கொசு கடிக்கும்போது அந்த ஒட்டுண்ணி ஒருவர் இரத்தத்திலிருந்து இன்னொருவர் இரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலக மக்களிடையே 26.3 கோடித் தடவை இந்தக் காய்ச்சல் கண்டது. 5,97,000 பேர் இறந்தார்கள். இறப்புகளில் 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில் நேர்ந்தவை. அங்கே இறந்த நால்வரில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இது வெப்பநாடுகளின் நோய், மழையின் நோய். ஊருக்குள் இறங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. மழையும் ஒன்றே, குட்டையும் ஒன்றே. ஆனாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படுத்துக்கொள்ள, நாலு வீடு தள்ளியிருப்பவர்கள் தப்பிவிடுகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் இதழ் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒரே வட்டாரத்தில் மிக ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு மலேரியா இருக்கும் வாய்ப்பு, அங்கே ஓரளவு வசதியோடு வாழும் குழந்தைக்கு இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பது அதன் முடிவு.

வறுமை கொசுவுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் கூரைக்கும் சுவருக்கும் நடுவே விட்ட சந்து, தாழ்ப்பாள் சேராத கதவு, கட்டிலுக்கு எட்டாத வலை. ஆகவே வறுமை நோயாக மாறும் வழியைத் தேடுபவர் வருமானக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டையும் அண்ணாந்து பார்க்கவேண்டும்.

கொசு நுழையும் வழி

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பெரிதும் பரப்பும் அனோபிலிஸ் காம்பியே இரவில் கடிக்கும் கொசு. ஊர் அடங்கிய பிறகு, மனிதர் அசையாமல் கிடக்கும் நேரத்தில், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கடிக்கும். தூங்குபவர்களின் மூச்சுக்காற்றும் உடல் வாடையும் சுவருக்கு மேலிருக்கும் சந்து வழியாக வெளியே கசிகின்றன. அந்த வாடையைத் தொடர்ந்து வரும் கொசு சுவரில் முட்டினால் திரும்பிப் போவதில்லை. சுவரையொட்டி மேலே ஏறி இறவாரத்து இடைவெளிக்குள் புகுந்துவிடுகிறது. காம்பியா நாட்டில் அந்த இடைவெளியை அடைத்துச் சோதித்தபோது, உள்ளே வந்த காம்பியே கொசுக்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. கியூலெக்ஸ் கொசுக்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அவை கதவு வழியாக வருபவை.

ஏழை வீட்டில் அந்தச் சந்து இருப்பதற்குக் காரணம் உண்டு. புல்லோ கீற்றோ வேய்ந்த கூரையின் கீழே அடுப்பெரியும் வீட்டுக்குப் புகைபோக்கி அதுதான், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழி அதுதான். அடைத்தால் உள்ளே வெந்து போகவேண்டும். தனிச் சமையலறையும் சன்னலும் உள்ளவருக்கு அடைப்பது எளிது. அந்த வசதி இல்லாதவரிடம் அடைக்கச் சொல்வது நல்ல அறிவுரைதான், பாதி அறிவுரை.

சுவருக்கும் இதில் பங்கு உண்டு. வெடிப்பு விழுந்த மண்சுவர், குடித்த இரத்தம் செரிக்கும்வரை கொசு ஒதுங்கிக்கொள்ள இருட்டும் ஈரமும் தருகிறது. சுவரில் அடிக்கும் டிடிடி போன்ற மருந்தை மண்பூச்சு உறிஞ்சிக்கொள்வதால் அதன் வீரியம் சீக்கிரம் குறைகிறது. விழாவுக்கு முன் வீடு மெழுகும் வழக்கம் உள்ள இடங்களில் அடித்த மருந்து புதிய பூச்சுக்குக் கீழே புதைந்தும் போகிறது. கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டியவருக்கு இந்தத் தொல்லைகள் குறைவு.

கதிர்காமத்திலும் டிக்ரேயிலும்

வீட்டின் கட்டுமானத்தையும் மலேரியாவையும் நேராக வைத்து அளந்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்று இலங்கையின் தென்கிழக்கில், முருகன் கோயிலால் பெயர்பெற்ற கதிர்காமத்தை அடுத்த கிராமங்களில் நடந்தது. முடிவுகள் 1991-இல் வெளிவந்தன. கட்டி முடியாத வீடுகள், மண்ணோ தென்னங்கிடுகோ சுவராகவும் கிடுகே கூரையாகவும் கொண்ட வீடுகள் ஒரு வகை. செங்கல் வைத்துப் பூசி ஓடு போட்ட வீடுகள் மற்றொரு வகை. முதல் வகையில் குடியிருந்தவர்களுக்கு மலேரியா கூடுதலாக வந்தது, வீட்டுக்குள் பிடிபட்ட கொசுக்களும் அங்கேதான் அதிகம். நோய் ஊர் முழுக்கச் சமமாகப் பரவாமல் குறிப்பிட்ட சில வீடுகளில் குவிந்து கிடந்தது.

1998-இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த அடுத்த ஆய்வு, மோசமான வீட்டில் இருப்பவருக்கு ஆபத்து இரண்டரை மடங்கு என்றது. அதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. அந்த வீடுகளைத் திருத்திக் கட்ட அரசு செலவிட்டால், மலேரியா ஒழிப்புச் செலவில் மிச்சமாகும் பணமே ஏழாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முதலை ஈடுகட்டிவிடும். அதற்கு மேல் மிஞ்சுவதெல்லாம் ஆதாயம். வீட்டு வசதி ஒரு துறையிலும் சுகாதாரம் வேறொரு துறையிலும் கிடக்கும் நிர்வாகத்தில் இப்படிப்பட்ட கணக்குக்கு யார் கையெழுத்துப் போடுவது என்பது வேறு கேள்வி.

வட எத்தியோப்பியாவின் டிக்ரே மேட்டுநிலத்தில் கிடைத்த சித்திரம் இன்னும் நுட்பமானது. வறட்சியும் பஞ்சமும் கண்ட அந்த மண்ணில் பாசனத்துக்காகச் சிறு அணைகளைக் கட்டினார்கள். அணையை ஒட்டிய ஊர்களிலும் தொலைவிலிருந்த ஊர்களிலும் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அணையோரக் குழந்தைகளுக்கு மலேரியா ஏழு மடங்காக இருந்தது. 1999-இல் இதை எழுதிய குழுவில் முதலில் நிற்கும் பெயர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரேயேசஸ். பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானவர் அவரே. பசியைத் தீர்க்க வந்த தண்ணீர் காய்ச்சலையும் கூட்டி வந்தது.

அதே குழு அடுத்த ஆண்டில் வீடுகளின் பக்கம் திரும்பியது. மண்கூரை, திறந்த இறவாரம், சன்னல், வீட்டுக்குள்ளேயே கட்டிய கால்நடை, தனிச் சமையலறை இல்லாமை, எல்லோரும் ஒரே அறையில் படுப்பது, பாசன நிலத்தில் வேலை ஆகிய ஒவ்வொன்றும் குழந்தையின் ஆபத்தைக் கூட்டின. இவற்றில் ஒன்றோ, ஒன்றுமில்லாமலோ இருந்த குழந்தைகளில் தொற்று கண்டவர்கள் 2.1 விழுக்காடு. ஐந்தோ அதற்கு மேலோ சேர்ந்திருந்த குழந்தைகளில் 29.4 விழுக்காடு. ஏழ்மையில் இந்தக் குறைகள் தனித்தனியாக வருவதில்லை. மண்கூரை போட்டவருக்கு மாட்டுக்குத் தனிக் கொட்டகை இராது, சமையலுக்குத் தனி இடமும் இராது. ஒன்று வந்தால் மற்றவையும் கூடவே வந்துவிடுகின்றன.

பட்டியலில் சன்னலும் இருப்பது முதலில் வியப்பாகத் தோன்றும். வலையடிக்காத சன்னல் கொசுவுக்கு இன்னொரு வாசல், அவ்வளவுதான்.

குடியிருக்கும் இடமும் பிழைக்கும் வேலையும்

மேட்டுநிலம் விலை அதிகம். ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம், வயல் விளிம்பு, காட்டோரம் ஆகியவை நிலமற்றவருக்குக் கிடைப்பவை. அனோபிலிஸ் முட்டையிடும் நீரும் அங்கேதான். இலங்கையில் மலேரியா இருந்த நாளில், காடெரித்துச் செய்யும் சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கக் காவல் கொட்டிலில் படுத்தவருக்கும், இரத்தினக்கல் குழியருகே தற்காலிகக் குடிசையில் தங்கியவருக்கும் சுவரே கிடையாது. வீட்டில் நல்ல வலை இருந்தாலும் அவர்கள் இரவில் வீட்டில் இல்லையே.

உயரமும் ஒரு காப்பு. காம்பியாவில் ஆய்வுக்கென்று கட்டிய குடில்களைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் தூக்கி நிறுத்தியபோது, உள்ளே வந்த காம்பியே கொசுக்கள் 84 விழுக்காடு குறைந்தன. மாடிவீட்டுக்காரருக்கு யாரும் சொல்லாமலே கிடைக்கும் பாதுகாப்பு அது.

நகரத்தில் கதை திரும்பிவிடுகிறது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி குட்டையைத் தேடுவதில்லை; கிணற்றிலும், மொட்டைமாடியில் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும், கட்டுமான இடத்தில் தேங்கிய நீரிலும் பெருகுகிறது. தொட்டி வைத்திருப்பவர் வசதியுள்ளவர். அதில் பிறக்கும் கொசு பக்கத்துக் குடிசைக்கும் பறக்கும். கான்கிரீட் எழும்பிக்கொண்டிருக்கும் இடத்திலேயே தார்ப்பாய் கட்டிப் படுக்கும் வெளியூர்த் தொழிலாளி கடியையும் வாங்கிக்கொள்கிறார், ஊரிலிருந்து ஒட்டுண்ணியையும் கொண்டுவருகிறார். குழாயில் நாள்தோறும் தண்ணீர் வந்தால் தொட்டியும் பீப்பாயும் இவ்வளவு தேவைப்படா. இந்தக் கொசு 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான் என்று பரவியது. எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் 2022-இல் மூண்ட மலேரியாவுக்கு இதுவே காரணம் என்று கண்டறியப்பட்டது. தண்ணீரைப் பிடித்துச் சேமிக்காமல் வாழ முடியாத ஆப்பிரிக்க நகர்ப்புறங்களுக்கு இது புதுக் கவலை.

கையிலிருக்கும் காசு

கொசு கடித்த பிறகும் வறுமையின் வேலை முடிவதில்லை. காய்ச்சல் கண்ட முதல் நாளில் இரத்தம் பார்த்து மருந்து கொடுத்தால் மலேரியா பெரும்பாலும் குணமாகிவிடும் நோய். பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகையில் சில நாள் தாமதம் உயிரை வாங்கிவிடும். மருத்துவமனை தூரம், பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, வீட்டில் விட்டுப்போகும் மற்றப் பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்துத் தாய் இன்னொரு நாள் பொறுக்கிறாள். கடையில் வாங்கிய மாத்திரையில் பாதியைக் கொடுத்து, மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பதும் உண்டு.

மலாவியில் 1990-களில் நடந்த குடும்பச் செலவு ஆய்வு ஒன்று இதற்கு எண் கொடுத்தது. மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் மலேரியா சிகிச்சைக்கு நேரடியாகப் போன பணம் ஆண்டு வருமானத்தில் 28 விழுக்காடு. மற்றக் குடும்பங்களில் 2 விழுக்காடு. ஒரே காய்ச்சலுக்கு, ஒருவருக்குச் சில்லறை, இன்னொருவருக்கு விதைநெல்.

மேற்குக் கென்யாவில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா என்ற இரு பொருளியலாளர்கள் வேறொன்றைச் சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள், சிறு விலையாவது வைக்கவேண்டும் என்று உதவி அமைப்புகளிடையே அப்போது வலுவான கருத்து இருந்தது. கர்ப்பிணிகளுக்கு மருந்தூட்டிய கொசுவலைகளைச் சில மருத்துவ நிலையங்களில் இலவசமாகவும், சிலவற்றில் வெவ்வேறு விலைகளுக்கும் வைத்தார்கள். சுழியத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட்டுக்கு விலை ஏறியதும் வலை வாங்கியோர் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் வலையைக் கட்டாமல் போட்டுவிடவும் இல்லை; காசு கொடுத்தவர்களைப் போலவே பயன்படுத்தினார்கள். 2010-இல் வெளியான இந்த முடிவு இலவச விநியோகத்துக்குச் சார்பான வாதத்தைப் பலப்படுத்தியது. ஆப்பிரிக்காவில் 2000-க்கும் 2015-க்கும் இடையே 66.3 கோடி மலேரியா நிகழ்வுகள் தவிர்க்கப்பட்டன என்றும் அவற்றில் 68 விழுக்காடு வலைகளால் என்றும் ஒரு மதிப்பீடு உண்டு.

வலை கிடைத்தாலும் பசி குறுக்கே நிற்கும். தாங்கனிக்கா ஏரிக்கரையில் கொசுவலையால் மீன் பிடிக்கிறார்கள் என்று வெளியார் கடிந்துகொள்வது வழக்கம். இரவுக்குள் உலை வைக்க மீன் வேண்டும், காய்ச்சல் நாளைக்குத்தான் வரலாம் என்ற நிலையில் எடுக்கும் முடிவை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

நோய் வறுமையை வளர்ப்பதும் உண்மை. நடவு நாளில் படுத்த உழவர் அறுவடை நாளில் குறைவாக அறுக்கிறார். அடிக்கடி காய்ச்சல் கண்ட பிள்ளை இரத்தச்சோகையோடு வகுப்பில் தூங்குகிறது. 1965 முதல் 1990 வரை கடும் மலேரியா இருந்த நாடுகளின் தலா வருமானம் மற்ற நாடுகளைவிட ஆண்டுக்கு 1.3 விழுக்காடு குறைவாக வளர்ந்தது என்று ஜான் கேலப்பும் ஜெஃப்ரி சாக்ஸும் கணித்தார்கள். அதில் எவ்வளவு மலேரியாவின் விளைவு, எவ்வளவு வேறு குறைகளின் விளைவு என்பது பொருளியலாளர் இன்னும் வாதிடும் விஷயம். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதில் வாதமில்லை.

கம்பிவலையின் கதை

வீட்டை அடைத்து மலேரியாவைத் தடுக்கலாம் என்பது புது எண்ணமல்ல. ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்ட மூன்றாண்டுக்குள் அது சோதிக்கப்பட்டுவிட்டது. 1900-ஆம் ஆண்டுக் கோடையில் லூயி சாம்பன், ஜார்ஜ் லோ என்ற இரு மருத்துவர்கள் ரோமுக்கு அருகே, காய்ச்சலுக்குப் பேர்போன ஒஸ்தியாச் சதுப்பில் கம்பிவலை அடித்த குடிலில் தங்கினார்கள். பகலில் சுற்றினார்கள், பொழுது சாயுமுன் உள்ளே போய்விட்டார்கள். கொய்னா மருந்தைத் தொடவில்லை. காய்ச்சல் வரவில்லை. அதே ஆண்டில் ஜியோவன்னி பத்திஸ்தா கிராசி தென் இத்தாலியின் கபாச்சோச் சமவெளியில் 112 பேரைக் கம்பிவலை வீடுகளில் வைத்துக் காத்தார். அவர்களில் காய்ச்சல் கண்டவர்கள் ஐந்து பேர்.

அமெரிக்காவின் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1933-இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மக்களுக்கு மலேரியா இருந்தது. அணைகளின் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியும், வீடுகளுக்கு வலையடித்தும், கூடவே மின்சாரமும் வேலையும் வந்தும் 1947-க்குள் நோய் ஏறக்குறைய மறைந்தது. பிறகு டிடிடி வந்தது. ஒரு மருந்தைத் தெளித்தே உலகத்திலிருந்து மலேரியாவைத் துடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கம்பிவலையை எல்லோரும் மறந்தார்கள்.

மறந்ததை நினைவூட்டியது காம்பியா. ஃபராஃபென்னி வட்டாரத்தில் கதவு, சன்னல்களுக்கு வலையடித்து இறவாரத்தை அடைத்த வீடுகளில் கொசு 59 விழுக்காடு குறைந்தது. வலையால் மேல்விதானம் மட்டும் கட்டிய வீடுகளில் 47 விழுக்காடு. எதுவும் செய்யாத வீடுகளில் 19 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இரத்தச்சோகை. வலையடித்த இரு வகை வீடுகளிலும் 12. முடிவு 2009-இல் வெளிவந்தது. ஐவரி கோஸ்ட்டின் புவாக்கே பகுதியில் வீட்டுக்கு வலையடித்து, இறவாரத்தில் மருந்து பூசிய குழாய்களையும் பொருத்தியபோது குழந்தைகளின் மலேரியா 38 விழுக்காடு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்கு வலையடிப்பதை 2021-இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அதே காம்பியாவிலிருந்து ஓர் அடி விழுந்தது. நாட்டின் கிழக்கே, புல்வேய்ந்த 400 வீடுகளுக்குத் தகரக் கூரை போட்டு, இறவாரத்தை அடைத்து, வலைக்கதவும் வைத்தார்கள். மற்றொரு 400 வீடுகள் பழையபடி விடப்பட்டன. இரு பக்கமும் எல்லோருக்கும் கொசுவலை இருந்தது. 2021-இல் வந்த முடிவில் குழந்தைகளின் மலேரியாவில் வித்தியாசமே இல்லை. கதவுகள் பழுதாகிக் கிடந்தன, அல்லது திறந்தே வைக்கப்பட்டன. குழந்தைகள் இரவில் வீடு விட்டு வீடு போனார்கள். வெயிலில் கொதிக்கும் தகரத்தின் கீழே கதவைத் திறந்து வைப்பது இயல்பு. வீட்டை மாற்றிக் கட்டுபவர், அதில் வாழ்பவர் எப்படி உறங்குகிறார் என்பதைக் கேட்டுவிட்டுக் கட்டவேண்டும் என்பது இந்தத் தோல்வியிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

பெருங்கணக்கில் வீடு மாறிக்கொண்டுதான் இருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே ஓரளவு மேம்பட்ட வீட்டில் வாழ்பவர்கள் 2000-இல் 11 விழுக்காடு, 2015-இல் 23 விழுக்காடு. அங்கே 21 நாடுகளின் குடும்ப ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நவீன வீட்டில் வாழும் குழந்தைக்குத் தொற்று வாய்ப்பு 9 முதல் 14 விழுக்காடு குறைவு. அதே தரவில் மருந்தூட்டிய வலை தந்த பாதுகாப்பு 15, 16 விழுக்காடு. ஆக, வீடு வலைக்குச் சற்றுப் பின்னால் நிற்கிறது.

இலங்கை காட்டும் எதிர்க்கணக்கு

வறுமை தீர்ந்தால்தான் மலேரியா தீரும் என்றால் இலங்கைக்கு விளக்கம் இல்லை. 1934-இல் மழை பொய்த்து, ஓடும் ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. கொசு அவற்றில் பெருகியது. நெல் விளையாமல் அரைப்பட்டினியில் கிடந்த தென்மேற்குக் கிராமங்களில் காய்ச்சல் புகுந்து, 1935-க்குள் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. ஒட்டுண்ணி ஒரு காரணம், வெறும் வயிறு இன்னொன்று என்பதை நிவாரணத்துக்குப் போனவர்கள் நேரில் கண்டார்கள். கேகாலைப் பகுதியில் அந்தப் பணியைச் செய்த இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா 1936-இல் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்வானார்.

டிடிடி தெளிப்புக்குப் பின் 1963-இல் நாடு முழுதும் 17 பேருக்கு மட்டுமே நோய். தெளிப்பை நிறுத்தினார்கள், சில ஆண்டுகளில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பின்னாளில் உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் இலவச அரசு மருத்துவமனைகள், காய்ச்சல் என்றால் இரத்தம் பார்க்கும் ஒழுங்கு, எட்டாத ஊர்களுக்குப் போன நடமாடும் குழுக்கள் ஆகியவை நின்றுபோகவில்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. கிடுகு வீடுகள் அப்போதும் இருந்தன. காசு கேட்காத இந்த ஏற்பாடுகள் வீட்டுக்கூரையின் குறையைப் பெருமளவு ஈடுகட்டின.

சான்று கிடைத்த அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். குடிநீருக்குக் கிணற்றையும் தொட்டியையும் நம்பியிருக்கும் வடபுலம் அதற்கு வசதியான இடம். 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நோய் தொற்றியது. ஒழிப்புக்குப் பின் அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் பணியாளர்கள் இப்போது வீடு வீடாகக் கிணற்றை எட்டிப் பார்த்து, புழு தின்னும் மீன்களை விட்டுவருகிறார்கள்.